காப்புக் கயிறும் கத்தரிக்கோலும்

போன வாரம் உங்கள் நர்ஸ் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மேடம், பெரிய வியாதிக்கெல்லாம் பிரார்த்தனை பண்ணினா குணமாகுமுங்களா?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான், "அது அவங்கவங்க நம்பிக்கை, கண்ணு" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள், அதுவும் ஏற்காட்டில் இருந்தவள் சொல்கிற பதிலா அது? நழுவுகிறவர்கள் சொல்கிற பதில். அதனால் உட்கார்ந்து எழுதித் தருகிறேன். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் நான் செய்த ஒரு தவறும் வருகிறது. அதைச் சொல்லாமல் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல எனக்கு வராது.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் இருபது கட்டில், ஒரே டாக்டர். நான் வார்டு நர்ஸ். அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிடாத குடும்பம். காலை ஏழு மணிக்கு டூட்டி மாறும்போது வார்டு நடுவில் நின்று ஜெபம் சொல்வது என் பொறுப்பு. படுத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் திருநீறு பூசுகிறவர்கள். ஆனாலும் கையைக் கூப்பிக்கொண்டு அமைதியாகக் கேட்பார்கள். நான் ஆமென் சொல்கிற இடத்தில் அவர்கள் "சாமி காப்பாத்து" என்பார்கள். அதை நான் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொள்வேன். பொறுத்துக்கொண்டது அவர்கள்தான் என்று புரிய எனக்கு வெகு காலம் ஆனது.

எனக்கு வாய் அதிகம். உங்களில் சிலருக்கு அது தெரியும். யாராவது கையில் தாயத்தோடு வந்தால் விட மாட்டேன். "ஏம்மா, மந்திரிச்ச தண்ணியில கிருமி சாகும்னா, நான் எதுக்கு இங்க ஊசியக் கொதிக்க வெச்சுக்கிட்டு நிக்கிறேன்?" என்பேன். மலை ஜனங்கள் திருப்பிப் பேச மாட்டார்கள். சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். நான் சொன்னதை ஒப்புக்கொண்டதால்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் செல்லாயி வந்தாள். மலையிலேயே செம்மநத்தம் என்ற ஊர்க்காரி. இருபத்தெட்டு வயதிருக்கும். கணவன் அண்ணாமலை, இரண்டு பெண் குழந்தைகள். கொஞ்சம் காபி, கொஞ்சம் சாமை, நாலு ஆரஞ்சு மரம், அவ்வளவுதான் சொத்து. அவளுக்கு நுரையீரலில் டி.பி. எக்ஸ்ரேயில் இடது பக்கம் மேலே ஓட்டை தெரிந்தது. அந்தக் காலத்து வைத்தியம் நீளமானது. இரண்டு மாதம் தினமும் இடுப்பில் ஊசியும் கூடவே மாத்திரையும், அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை மட்டும். விடாமல் எடுத்தால் பிழைக்கலாம். நடுவில் விட்டால் நோய் திரும்பும், திரும்பினால் அதே மருந்துக்கு அடங்காது. டாக்டர் இதைப் புருஷன் பெண்டாட்டி இருவரிடமும் பொறுமையாகச் சொன்னார். செல்லாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சின்னவ பள்ளிக்கூடம் போற வரைக்குமாச்சும் இருப்பனுங்களா?"

சின்னவளுக்கு அப்போது நாலு வயது. அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு மாதம் செல்லாயி ஒரு நாள் தவறாமல் பஸ்ஸில் வந்து ஊசி போட்டுக்கொண்டு போனாள். இருமல் குறைந்தது. பிறகு அவர்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி வந்தது. திருவிழாவை எங்கள் பக்கம் நோம்பி என்போம். நோம்பி சாட்டியதும், அதாவது ஊரில் அறிவித்ததும், வேண்டுதல் உள்ளவர்கள் மஞ்சள் நனைத்த கயிற்றைக் கையில் காப்பாகக் கட்டிக்கொள்வார்கள். அன்றிலிருந்து நோம்பி முடியும்வரை சுத்தமாக இருக்க வேண்டும், ஊர் எல்லைக்கு வெளியே ராத் தங்கக் கூடாது. தனக்குக் குணமானால் பூவோடு எடுப்பதாக வேண்டிக்கொண்டு செல்லாயியும் காப்புக் கட்டியிருந்தாள். பூவோடு என்றால் நெருப்புச் சட்டி. அதைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றி வருவார்கள். பகலில் போய்ப் பொழுதோடு திரும்பிவிட்டால் தோஷமில்லை என்று பூசாரி சொல்லிவிட்டதால், காப்புக் கட்டிய கையோடு அவள் ஊசிக்கும் வந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் இருமினாள். இருமல் நிற்கவில்லை. வாயைப் பொத்திய சேலைத் தலைப்பு சிவந்துபோனது. தூக்கிக்கொண்டு ஓடினோம். கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்ததும் இன்னும் ஒரு வாய் இரத்தம் வந்தது. டாக்டர் டிரிப் ஏற்றச் சொன்னார். நரம்பு பிடிக்க நான் அவள் இடது கையைப் பிடித்தேன். மணிக்கட்டில் அந்த மஞ்சள் கயிறு, ஈரமாக, இரத்தமும் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. டிரேயில் கத்தரிக்கோல் இருந்தது.

"இதெல்லாம் கட்டிக்கிட்டா ரத்தம் நின்னுடுமா?" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை வெட்டிக் கழிவுக் கிண்ணத்தில் போட்டேன். அரை நிமிஷ வேலை.

அவளுடைய வலது கை சும்மாதான் கிடந்தது. அதில் நரம்பும் நன்றாகத் தெரிந்தது. இதை நீங்கள் மறக்காதீர்கள், நானும் மறந்ததில்லை.

மத்தியானத்துக்குள் இரத்தம் நின்றுவிட்டது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. செல்லாயி கண்ணைத் திறந்ததும் முதலில் வலது கையால் இடது மணிக்கட்டைத் தடவினாள். பிறகு போர்வைக்குள் தேடினாள்.

"எங்கீங்க?" என்றாள்.

"என்னது?"

"காப்புங்க."

"வெட்டிட்டேன். டிரிப்புக்கு இடைஞ்சலா இருந்துச்சு. உசுரு பொழைச்சியே, அதப் பாரு."

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று நாளாவது தங்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்கு, "போறனுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் அண்ணாமலை வந்து, சொந்தப் பொறுப்பில் போவதாகக் கைநாட்டு வைத்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் என்னிடம் திரும்பி வந்தார்.

"ஏனுங்க நர்சம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க கழுத்துல இருக்கிற சிலுவைய நாங்க ஒரு நாளாச்சும் கழட்டச் சொன்னமுங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். அந்த மனுஷர் பணிவாகக் கேட்டார். என் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

மறுநாள் செல்லாயி ஊசிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அண்ணாமலை மட்டும் வந்தார். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறாளாம். யாரோடும் பேச்சில்லை, சோறில்லை. மீதி மாத்திரைகளை அடுப்பில் போட்டுவிட்டாளாம்.

"ஆத்தாளே கைய விட்டுட்டா, இனி மருந்து எதுக்குங்கிறா. புள்ளைகளப் பக்கத்துலயே விட மாட்டீங்கிறா. நொம்ப பயமா இருக்குதுங்க" என்றார்.

நான் டாக்டரிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எங்கள் டாக்டர் கோயிலுக்கும் போக மாட்டார், சர்ச்சுக்கும் வர மாட்டார். "இதுங்களோட மூட நம்பிக்கை" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் போதும், என் தவறு பாதியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"டி.பி.க்கு என்கிட்ட மருந்து இருக்கு, சிஸ்டர். இப்ப அவளுக்கு வந்திருக்கிறதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. வெட்டினது நீங்க. நீங்களே போய்ப் பாருங்க. ஊசியையும் எடுத்துக்கிட்டுப் போங்க."

மறுநாள் காலை செம்மநத்தம் பஸ்ஸில் ஏறினேன். மடியில் ஊசிப் பெட்டி. வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவசரம், உயிர் ஆபத்து, சுத்தம், கிருமி. எல்லாமே நியாயமான காரணங்கள்தான். வீட்டுக்குள் செல்லாயி படுத்துக் கிடந்தாள். காய்ச்சலில் கண் உள்ளே போயிருந்தது. நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்னவள் வாசல்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள். உள்ளே வர அவளுக்கு உத்தரவில்லை.

பூசாரியைப் பார்க்க அண்ணாமலை கூட்டிக்கொண்டு போனார். பூசாரி என்றதும் ஜடாமுடியோடு ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு போனேன். நாற்பது வயதுக்காரர் ஒருவர், காக்கி டிரவுசரோடு, கையில் கத்தியோடு, காபிச் செடியின் கிளைகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தார்.

"வெட்டுனது நீங்கதானுங்களா?"

"நாந்தானுங்க."

"எதுக்குங்க வெட்டுனீங்க?"

"நொம்ப அவசரமா டிரிப் ஏத்த வேண்டியிருந்துச்சுங்க..."

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. கிளையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அவளுக்கு அந்தக் கை ஒண்ணுதான் இருந்துச்சுங்களா?"

பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததெல்லாம் போயே போய்விட்டது. "இல்லீங்க. இன்னொரு கை இருந்துச்சு. நான் யோசிக்கல. தப்புப் பண்ணிட்டேனுங்க" என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. நர்ஸ் தவறு செய்துவிட்டேன் என்று சொன்னால் அடுத்த நாள் ஊசி போட யார் வருவார்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் இப்போது கத்தியைக் கீழே வைத்தார்.

"செரி, வாங்க. எங்கிட்டச் சொல்லி என்னாகறது. ஆத்தாகிட்டக் கேப்போம்."

கோயிலுக்கு அண்ணாமலை செல்லாயியைத் தாங்கிக்கொண்டு வந்தார். பக்கத்துத் தோட்டங்களில் வேலையாக இருந்த நாலைந்து பெண்களும் வந்தார்கள். பூசாரி குளித்து ஈர வேட்டியோடு வந்து, அம்மன் தலையில் ஒரு அரளிப் பூவை நனைத்து வைத்தார். காப்பு அறுந்தவளுக்கு மறு காப்புக் கட்ட உத்தரவு உண்டா என்பது கேள்வி. பூ வலது பக்கம் விழுந்தால் உண்டு. இடது பக்கம் விழுந்தால் இல்லை.

பூ விழவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் அப்படியே இருந்தது. இடது பக்கம் விழுந்தால் நான் என்ன செய்வேன்? இது வெறும் பூ என்று அங்கே நின்று கத்துவேனா? கத்தினால் அவள் எழுந்து வந்து ஊசி போட்டுக்கொள்வாளா? பையில் மருந்து இருந்தது. அது அவள் உடம்புக்குள் போகுமா, திரும்ப என்னோடு பஸ் ஏறுமா என்பது அந்தப் பூவின் கையில் இருந்தது.

அப்போது நான் வேண்டினேன். வழக்கம்போல "ஆண்டவரே" என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் கேட்டது, அந்த அரளிப் பூ வலது பக்கம் விழ வேண்டும் என்று. யாரிடம் கேட்டேன், யார் காதில் விழுந்தது என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. எங்கள் பாதிரியாரிடம் இதைச் சொன்னதில்லை. இதை அவர் படித்தாலும் இனிமேல் எனக்கொன்றும் பயமில்லை.

பூசாரி திரும்பிச் செல்லாயியைப் பார்த்தார்.

"நானே கேட்டுக்கிட்டு நிக்கிறேன். நீ ஒண்ணும் கேக்கலியே, கண்ணு. உனக்குப் பொழைக்கோணும்னு இருக்குதா, இல்லியா? வாயத் தொறந்து சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவள் எப்படியோ கூட்டத்துக்குள் புகுந்து வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை செல்லாயி அவளைத் தள்ளிவிடவில்லை.

"இருக்குதுங்க" என்றாள். பிறகு நிமிர்ந்து, சத்தமாக, "பொழைக்கோணும் ஆத்தா. எம் புள்ளைகளோட இருக்கோணும். என்னைய விட்டுராத" என்று சொல்லி அழுதாள். அழுகையில் இருமல் வந்தது. நான் ஓடிப் போய்ப் பிடித்துக்கொண்டேன். பூ எப்போது விழுந்தது என்று நான் பார்க்கவில்லை. பெண்கள் குலவை போட்டதும்தான் திரும்பினேன். வலது பக்கம் கிடந்தது.

காற்று அடித்தது என்று நீங்கள் சொல்லலாம். ஈரம் காய்ந்துவிட்டது என்றும் சொல்லலாம். அதற்காக நான் உங்களோடு சண்டைக்கு வர மாட்டேன். நாலு நாளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பிழைக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள். அதை என் காதால் கேட்டேன். என்னிடம் இருந்த எந்த மருந்தும் அதைச் சொல்ல வைத்திருக்காது.

பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்து என் பக்கம் நீட்டினார். "வெட்டுன கையே கட்டோணுமுங்க."

நான் திடுக்கிட்டுப் போனேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார், சர்ச்சில் யார் யார் என்ன பேசுவார்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. யோசிக்கப் பத்து விநாடிகூட இல்லை. செல்லாயி இடது கையை என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். வாங்கிக் கட்டினேன். எனக்குத் தெரிந்தது காயத்துக்குக் கட்டுப் போடுகிற முடிச்சுத்தான். இழுத்துப் பார்த்த பூசாரி முதல் தடவையாகச் சிரித்தார். "இத அவுக்கறதுக்கும் உங்களத்தான் கூப்புடோணும் போல."

அதோடு முடியவில்லை. "ஒருவாட்டி அறுந்து கட்டுன காப்புங்க. இனி நோம்பி முடியற மட்டும் பகல்லயும் எல்லைக்கல்லத் தாண்டக் கூடாது" என்றார். நோம்பிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பன்னிரண்டு நாள் ஊசி இல்லையென்றால் பட்ட பாடெல்லாம் வீண். பழைய நானாக இருந்திருந்தால் அங்கேயே தாம்தூம் என்று குதித்திருப்பேன். அன்று ஏனோ நாக்கு அடங்கியிருந்தது. அதனால் மூளை வேலை செய்தது.

"தாண்டக் கூடாதது அவதானுங்களே? ஊசி எல்லை தாண்டி உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டேன்.

பூசாரி கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "ஊசிக்கு யாருங்க காப்புக் கட்டுனா? வரட்டும்" என்றார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் முதல் பஸ்ஸில் செம்மநத்தம் போய், மேடு ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். டாக்டர் என் டூட்டியை மாற்றிக் கொடுத்தார். செல்லாயி வீட்டு அடுப்பில் ஒரு சின்னப் போசியில் தண்ணீர் வைத்து ஊசியைக் கொதிக்க வைப்பேன். குழந்தைகள் இரண்டும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "ஊசி வெந்துருச்சுங்களா, நர்சம்மா?" என்று கேட்கும். கோயிலில் பூசாரி தினமும், "செல்லாயிக்கு ஊசி ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மணியடிப்பார். ஊசி போட்டுக்கொள்வதும் விரதத்தில் ஒன்றாகிப்போனது. ஆறாம் நாள் அவரே, வெகு நாளாக இருமிக்கொண்டிருந்த இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். இரண்டு பேருக்கும் நோய் இருந்தது. நான் வருஷம் முழுவதும் வீடு வீடாக அலைந்தாலும் என்னிடம் காட்டியிருக்க மாட்டார்கள்.

நோம்பி அன்று செல்லாயி பூவோடு எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். உடம்பில் தெம்பில்லை. பூசாரிதான் சமாளித்தார். "குணமானா எடுக்கறேன்னுதான வேண்டுன? இன்னும் முழுசா ஆகலியே. ஆத்தாளுக்கு அவசரமில்ல, அடுத்த நோம்பிக்கு எடு. அதுக்குள்ள நர்சம்மா குடுக்கற மாத்திரைய ஒரு நாள் உட்டாலும் சட்டி கையில நிக்காது, பாத்துக்கோ."

இந்த வியாதியில் எங்களை அழ வைப்பது எது தெரியுமா? நாலாம் மாதம் இருமல் நிற்கும், முகம் தெளியும், மாத்திரையை விட்டுவிடுவார்கள். செல்லாயி விடவில்லை. மாதாமாதம் மாத்திரை வாங்க வரும்போது, "நோம்பிக்கு இன்னும் ஆறு மாசமுங்க", "இன்னும் நாலு மாசமுங்க" என்று சொல்லிக்கொண்டே கை நீட்டுவாள். அடுத்த வருஷம் சளியில் கிருமி இல்லை என்று மூன்று தடவை பார்த்து டாக்டர் உறுதி சொன்ன பிறகு பூவோடு எடுத்தாள். நானும் போயிருந்தேன். இறக்கி வைத்துவிட்டு வேர்வையோடு என்னிடம் வந்து, "எல்லாம் ஆத்தா குடுத்த உசுருங்க, நர்சம்மா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் பன்னெண்டு நாள் மேடு ஏறுனது?" என்றேன்.

"உங்கள ஏத்துனதும் ஆத்தாதானுங்க" என்றாள்.

சிரித்துவிட்டேன். அந்த வருஷம் சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு, சிலேட்டோடு கூட்டிக்கொண்டு வந்து வார்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போனாள்.

இனி அந்தக் கடைசி வரிசைப் பெண்ணுக்கு வருகிறேன். கிருமியைக் கொன்றது மருந்து. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபம் பண்ணு, விரதம் இரு என்று எவன் சொன்னாலும், அவன் எந்தச் சாமியின் ஆளாக இருந்தாலும், வார்டுக்குள் விடாதே. ஆனால் அந்த மருந்து ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் அவள் வாய்க்குள் போனதே, அதைப் போக வைத்தது அவள் வேண்டுதல். இரண்டில் எது பெரிது என்று என்னைக் கேட்காதே.

வேண்டியவர்கள் எல்லாரும் பிழைக்கவும் இல்லை. எங்கள் சர்ச்சில் பாடுகிற ஒரு பெண், பத்தொன்பது வயது, மூளைக் காய்ச்சலில் கிடந்தாள். முப்பது பேர் முழங்காலில் நின்று ஜெபித்தோம். முன்னால் நின்று ஜெபித்தவளே நான்தான். பதினோராம் நாள் போய்விட்டாள். அவள் அம்மாவிடம் ஒரு சொந்தக்காரர் வந்து, விசுவாசம் போதவில்லை என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆளை நான் வார்டை விட்டு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். என் வாய்த்துடுக்கு உருப்படியான வேலை செய்தது அன்றைக்குத்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால் எனக்கே வந்தது. வயிற்றில் கட்டி. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். எத்தனையோ பேரிடம் "பயப்படாதீங்க" என்று சொன்னவள், நன்றாகப் பயந்தேன். சர்ச்சில் ஜெபித்தார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயந்திரம் செல்லாயி வந்தாள். அடிவாரம் வரைக்கும் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தாளாம். கூட அந்தச் சின்னவள், அதற்குள் பள்ளிப் படிப்பை முடித்திருந்தாள். செல்லாயி முந்தானையிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்தாள். உடனே கட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க சாமி கோவிச்சுக்குமுங்களா, நர்சம்மா? கட்டட்டுமுங்களா?"

"கோவிக்காது. கட்டு" என்று இடது கையை நீட்டினேன்.

மறுநாள் காலை தியேட்டருக்குத் தயார் செய்ய ஒரு நர்ஸ் வந்தாள். உங்கள் வயதுதான் இருக்கும். வளையலைக் கழற்றினாள், கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துச் சின்னவளிடம் கொடுத்தாள். பிறகு கயிற்றைப் பார்த்தாள். பக்கத்து டிரேயில் கத்தரிக்கோல் இருந்தது. அவள் கை அந்தப் பக்கம் போனது. அவள் எடுத்தது பிளாஸ்டரை.

"அம்மா, இத எடுக்கலாமுங்களா? இல்ல, மேல பிளாஸ்டர் போட்டு ஒட்டி விடட்டுமுங்களா?"

"ஒட்டி விடு, கண்ணு" என்றேன்.

மயக்கம் தெளிந்தபோது எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. நான் கட்டியைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. அது நல்ல கட்டிதான் என்று பிறகு சொன்னார்கள். அதற்கெல்லாம் முன்னால் என் வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டைத் தடவியது. பிளாஸ்டர் இருந்தது. அதற்கு அடியில் கயிறு இருந்தது. அந்தப் பழைய மத்தியானத்தில் எங்கள் வார்டில் செல்லாயி கண் விழித்துப் போர்வைக்குள் தேடியது எனக்கு அப்போதுதான் புரிந்தது. வாய்விட்டு அழுதேன். அந்த நர்ஸ் பொண்ணு ஓடி வந்து, "வலிக்குதுங்களாம்மா?" என்றாள்.

"வலிக்கல, கண்ணு. நீ கேட்டியே, அதுக்குத்தான்" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை என்று நினைத்துப் போர்வையை இழுத்து விட்டுவிட்டுப் போனாள்.